கம்பம் நட்ட பிறகு வந்தவன்

என் தம்பி செய்த வேலை என்னவென்று ஊருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தொண்ணூறுகளில் சோமனூர் கடைவீதியில் நான் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். விசைத்தறிக்காரர்கள் பம்பாய்க்கும் அகமதாபாத்துக்கும் துணி விலை பேச வரிசையில் நிற்பார்கள். நிற்கிற நேரத்தில் வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க, உங்க தம்பி இப்ப எங்கீங்க இருக்காரு?"

"வெளிநாட்டுலீங்க."

"என்ன வேலைங்க?"

"சண்டை நடக்கற பக்கம் போயிப் போட்டோ எடுக்கறானுங்க."

கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். "சினிமாவுலீங்களா? அப்ப ஸ்டண்டுக்காரங்களை எல்லாம் நல்லாத் தெரியுமுங்க அவுருக்கு."

சினிமா இல்லை, துப்பாக்கியும் பீரங்கியும் வைத்துக்கொண்டு நடக்கிற நிஜச் சண்டை என்று நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "அப்ப மிலிட்டரிங்களா?" மிலிட்டரியும் இல்லை. "அப்பறம் ஆருங்க அவரைப் போகச் சொன்னது?" இந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைத்தானே நானும் அவனிடம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா ஒற்றை ஆளாக அதை ஓட்டிக்கொண்டிருந்தாள். நூல் இறக்கவும் துணி ஏற்றவும் ஓர் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. இவன் என்னடாவென்றால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, எவனோ எவனையோ சுடுகிற தெருவில் போய் நின்றான்.

கல்லூரியில் படிக்கும்போதே கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்துவிட்டான். நடத்தியவர் ஒரு பாய், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், வீட்டில் யாராவது தவறிவிட்டால் சுவரில் மாட்டுவதற்கு டச்சப் செய்த படம், இதுதான் அவர் தொழில். பழைய குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் பெரிதாக்கி, பிரஷ்ஷால் முடியைப் படிய வாரிவிட்டு, ஆயுசுக்கும் கோட்டு போடாத மனுஷனுக்குக் கோட்டும் டையும் மாட்டிவிடுவார். எங்கள் பக்கத்து வீடுகளில் தொங்குகிற பெரியவர்களில் பாதிப்பேர் அவர் கையால் கோட்டு போட்டவர்கள்தான்.

தம்பி அங்கே கற்றுக்கொண்ட லட்சணம் என் கல்யாணத்தில் தெரிந்தது. நான்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்து நின்றான். கெட்டிமேளம் கொட்டுகிறது, என் வீட்டுக்காரர் தாலி கட்டுகிறார், கேமரா வெளிச்சத்தையே காணோம். தலையைத் தூக்காதே என்று எல்லாரும் சொல்லிவைத்திருந்ததால் நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆல்பம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கம் பந்தியில் இடம் பிடிப்பதில் இரண்டு பெருசுகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அத்தனை அழகாக வந்திருந்தது. துண்டு பறக்கிறது, வேட்டி நழுவுகிறது, சாம்பார் வாளியோடு ஒருத்தன் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறான். தாலி கட்டிய படம் ஒன்றுகூட இல்லை.

"தாலி கட்டுனதை மண்டபமே பாத்துச்சல்லக்கா. இதை ஆரும் பாக்கல" என்றான். செருப்பைக் கழற்றியிருப்பேன், புதுப்பெண் ஆயிற்றே என்று விட்டேன்.

பாய் எங்களை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, மாலை மாட்டி, மறுபடி தாலி கட்டுகிற மாதிரி உட்காரவைத்து எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டுகிற மாப்பிள்ளைக்குத் தாடி முளைத்திருக்கும்.

அங்கிருந்து மெட்ராஸில் ஒரு பத்திரிகை, அப்புறம் டில்லி, அப்புறம் ஒரு வெள்ளைக்காரச் செய்தி நிறுவனம். சண்டை எங்கே என்று தேடித் தேடி அனுப்புவார்கள் போல. கடைசியாக ஆப்கானிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தான். எங்கே இருந்தாலும் பூத்துக்கு போன் மட்டும் வரும். "அக்கா, நல்லாத்தான் இருக்கறேன், அம்மாகிட்டச் சொல்லிப்போடு" என்பான். அவன் பேச்சுக்குப் பின்னால் டமார் என்று கேட்கும்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா. தூரத்துல."

"தூரத்துல வெடிக்கறது சோமனூர் வரைக்கும் கேக்குமாடா? ஊட்டுக்கு வாடா நாயே!"

நான் கத்துவது வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். சாயங்காலம் அம்மாவிடம் போய், "நல்லா இருக்கானாம்மா, அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையாம்" என்று சொல்வேன். டமாரை நான் சொன்னதே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். வந்தால் தறிக்குடோனுக்குள் பாயை விரித்துப் படுத்துவிடுவான். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாத சத்தம் அங்கே. அதில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். கரண்ட் போய்த் தறி நின்றதோ இல்லையோ, பொசுக்கென்று எழுந்து உட்கார்ந்து, புருவத்தை நெரித்துக்கொண்டு எல்லாரையும் முறைப்பான். "எதுக்கு நிறுத்துனீங்க?" என்பான். ஈ.பி.காரனைப் போய்க் கேளு என்று நான் சொல்வேன். அம்மாவுக்கு அவன் முறைப்பதைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். பையனின் கல்யாணம் ஒன்றுதான் அப்போது அவளுக்கு இருந்த கவலை.

கோபிசெட்டிபாளையத்தில் ஓர் இடம் அமைந்தது. வாழையும் தென்னந்தோப்புமாக நல்ல குடும்பம். பெண்ணின் அப்பாவே நேரில் வந்துவிட்டார். மரியாதையான மனுஷன். "மாப்பளை எடுத்த படமெல்லாம் பாக்கலாமுங்களா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். இவன் நிஜமாகவே பையைத் திறந்து எடுத்துப் பாயில் பரப்பிவிட்டான். மலை, ஆறு, பூந்தோட்டம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. கால் போன ஒரு பையன், இடிந்த சுவரோரம் வரிசையாகக் கிடத்திய பிணங்கள், வாயைத் திறந்து கத்துகிற ஒரு பொம்பளை. அவர் காப்பி டம்ளரைப் பாதியில் கீழே வைத்து, "போயிட்டு வாரனுங்க" என்று எழுந்தார். போனவர் போனவர்தான்.

அன்றைக்கு நான் அவனை விடவில்லை. "ஏன்டா, உனக்கு மண்டையில எதாச்சும் இருக்குதா? பொண்ணு குடுக்க வந்த மனுசனுக்கு இதையா காட்டுவ?"

"கேட்டாருல்லக்கா."

"சாகக் கெடக்கறவனைப் போயி படம் எடுக்கறியே, அவனைத் தூக்கோணும்னு தோணாதாடா உனக்கு?"

அவன் படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே சொன்னான். "தூக்கியிருக்கறேன். நெறையப் பேரைத் தூக்கியிருக்கறேன். நான் தூக்கறப்ப என்னைய ஆரு படம் எடுக்கறது? அதனால உனக்குத் தெரியல."

"வாய் மட்டும் இல்லீன்னா உன்னைய நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தறிக்குடோனுக்குத் தூங்கப் போய்விட்டான்.

அதற்கடுத்த பங்குனியில் ஊரில் மாரியம்மன் நோம்பி. திருவிழாவை ஊருக்கு அறிவிக்கிற பூச்சாட்டு முடிந்து கோயில் முன்னால் கம்பமும் நட்டாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கம்பம் என்பது மூன்றாகக் கிளை பிரிந்த மரத்தை வெட்டிவந்து நடுவது. அம்மனுக்குப் புருஷன் அது என்பார்கள். நோம்பி முடிந்து அதைப் பிடுங்குகிற வரைக்கும் பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள், இளவட்டங்கள் மேளத்துக்குச் சுற்றி ஆடுவார்கள். அதுவரைக்கும் ஊருக்குள் பிணம் வரக் கூடாது.

மத்தியான நேரம் பூத்துக்கு டில்லியிலிருந்து போன் வந்தது. தம்பி வேலை பார்த்த நிறுவனத்தின் ஆள் ஒருத்தன் இங்கிலீஷில் பேசினான். என் பிளஸ் டூ இங்கிலீஷுக்கு அவன் பேசியதில் சாரி மட்டும்தான் புரிந்தது. சாரி, சாரி, வெரி சாரி. எதுக்கடா சாரி, சொல்லித் தொலையேன் என்று தமிழிலேயே கத்தினேன். அவன் மறுபடியும் முதலிலிருந்து சாரி சொன்னான். அப்புறம்தான் நிறுத்தி நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, தம்பியின் பெயரைச் சொல்லி அந்த வார்த்தையைச் சொன்னான். அது புரிவதற்குப் பிளஸ் டூ தேவையில்லை.

கண்ணாடிக் கதவுக்குள் ஒருத்தர் பம்பாய்க்காரனிடம் துணிக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பில் கேட்டார். நான் கிழித்துக் கொடுத்தேன். அதை எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் என் வீட்டுக்காரர் கைக்குப் போனது. அவர் நூல் புரோக்கர். நாலு ஊர் பழகியவர், எந்தச் சிக்கலையும் சட்டுப்புட்டென்று பேசி முடிப்பதில் கெட்டிக்காரர். அவராலேயே இதைச் சட்டென்று முடிக்க முடியவில்லை. காபூலிலிருந்து பாகிஸ்தான், அங்கிருந்து டில்லி, டில்லியிலிருந்து மெட்ராஸ் என்று உடம்பு ஊர் ஊராக நின்று நின்று வந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போனவன், செத்த பிறகு சொந்த ஊருக்கு வர இந்தப் பாடு. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "எம்பையன் மொகத்தை ஒருக்காப் பாக்கோணும்." சாப்பிடச் சொன்னாலும் அதுதான், படுக்கச் சொன்னாலும் அதுதான். "வந்துருவான், பாத்துக்கலாம்" என்று எல்லாரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வந்தது ஒரு தகரப் பெட்டி. நாலு பக்கமும் ஈயம் வைத்து அடைத்து, மேலே திறக்கக் கூடாது என்று இங்கிலீஷில் ஒட்டியிருந்தார்கள். கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வருவதற்கு முன்பே கோயில்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க. கம்பம் நட்டாச்சுங்க. ஆத்தா காரியமுங்க. பிரிவுலயே வெச்சுப் பாத்துப்போட்டு, அப்படியே காட்டுக்குக் கொண்டுபோயர்லாமுங்க."

பிரிவு என்பது மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற இடம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பஞ்சர் கடை, ஓயாமல் போகிற லாரிகள். அங்கேதான் வேனை நிறுத்தினார்கள். பெற்ற மகனை நடுரோட்டில் வைத்து, லாரிக்காரன் ஆரன் அடிக்க அடிக்கப் பார்க்க வேண்டும். அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். இறங்கினவள் நேராக வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டாள். "தொறங்க" என்றாள்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தொறக்கக் கூடாதுங்க, கவர்மெண்டு சீல் வெச்சிருக்குதுங்க" என்றார் ஒருத்தர். "நேரமாகுதுங்க" என்றார் இன்னொருத்தர். நான் சும்மா இருப்பேனா? "கவர்மெண்டா பெத்துச்சு? பெத்தவ கேக்கறா, தொறந்து காட்டுங்க! பஞ்சர் கடையில கடப்பாரை இருக்குது, எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினேன். "பொம்பளைங்க சித்த அக்கட்டால நகருங்க" என்று யாரோ என் தோளைப் பிடித்தார்கள். உள்ளே ஊரில் கம்பத்துக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கோயில்காரர் கை வாட்ச்சைப் பார்த்தார்.

அம்மா கதவை விடவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார். "அத்தை, வேண்டாமுங்க. குண்டு மூஞ்சியிலயே பட்டுருச்சுங்க. பாக்கற மாதிரி இல்லீங்க."

அம்மாவின் கை கதவிலிருந்து இறங்கியது. ரோட்டோரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேன் போய்விட்டது. எங்களில் எரிப்பதுதான் வழக்கம். தகரப் பெட்டியை எப்படி எரிப்பது? பெட்டியோடு குழிக்குள் இறக்கிவிட்டு வந்ததாக அப்புறம் சொன்னார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமும் எங்களுக்கு இல்லை.

துக்கம் கேட்க வந்த ஒறம்பரைச் சொந்தம் எல்லாம் ஆளுக்கொன்று பேசினார்கள். "நம்மளுக்கு எதுக்குங்க அந்த நாட்டுச் சண்டை?" என்று என்னிடம் கேட்டார்கள். நானே அனுப்பிவைத்த மாதிரி. எல்லாரும் போன பிறகு அம்மா தறி ஓட்டத் திரும்பிப் போய்விட்டாள். ஆனால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். "கண்ணை மூடுனா அந்தத் தகரப் பொட்டிதான் அம்மணி வருது. அவன் மொகம் வர மாட்டீங்குது. ஒரு படம் மாட்டி வெச்சீன்னா நல்லாருக்கும்."

படத்துக்கு எங்கே போவது? ஊர் உலகத்தையெல்லாம் படம் எடுத்தவனுக்கு ஒரு படம் இல்லை. பாஸ்போர்ட்டில் இருந்ததும் அவன் பையோடு அங்கேயே தொலைந்துவிட்டது. என் கல்யாண ஆல்பத்தைத் தலைகீழாகப் புரட்டினேன். சாம்பார் வாளிக்காரன் இருக்கிறான், என் தம்பி இல்லை. கேமராவுக்குப் பின்னாலேயே நின்று தொலைந்திருக்கிறான். கடைசியில் அம்மாவின் பீரோவில் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் கிடைத்தது. அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முகம், பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்து முத்திரை. அதை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன்.

பாய் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "நாலு வருசம் இங்கதான் இருந்தான். ஒரு நெகட்டிவ் இல்லம்மா. நில்லுடா ஒரு படம் எடுக்கறேன்னு சொன்னா, லைட்டு சரியில்லைன்னு ஓடிப்போயிருவான்" என்றார். தன்னால் ஆனதைச் செய்தார். முத்திரையை அழித்தார், பதினைந்து வயது முகத்துக்கு மீசை வைத்தார், கன்னத்தை ஒடுக்கினார், கோட்டு போட்டார். ஃபிரேம் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "இதாரு?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. படத்தைப் பீரோவுக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு பூத்துக்குப் போனேன்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு பாய் ஒருநாள் பூத்துக்கே வந்தார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவர் சுற்றிய ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்தார். பழைய புத்தகக் கடையில் பார்த்தாராம். "காட்டலாமா வேண்டாமான்னு தெரியலம்மா. ஆனா இதுல மூஞ்சி சுத்தமா இருக்கு. இதை வெச்சு நான் நல்லதா ஒரு படம் பண்ணித் தர முடியும்" என்று சொல்லி, பக்கத்தைப் பிரித்துவைத்தார்.

என் தம்பி ஒரு மண்சுவரில் சாய்ந்து கிடந்தான். நெஞ்சுக்குக் கீழே சட்டை முழுக்கக் கறுப்பாக இருந்தது. கேமரா வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. கண் திறந்திருந்தது. புருவத்தை நெரித்து, படம் எடுக்கிறவனையே முறைத்துக்கொண்டிருந்தான். தறி நின்றுபோனால் எழுந்து உட்கார்ந்து முறைப்பானே, அதே முகம். ஒரு கீறல் இல்லை.

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். சண்டைக்காரர்களோடு ஒரு தெருவைக் கடந்திருக்கிறான். குண்டுச் சிதறல் நெஞ்சில் பாய்ந்திருக்கிறது. தெருவை விடாமல் சுட்டுக்கொண்டிருந்ததால் எந்த வண்டியும் வர முடியவில்லை. கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கிறான். அந்தக் கொஞ்ச நேரத்தில், அவனோடு போன இன்னொரு போட்டோக்காரன் எடுத்த படம் இது. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எடுத்தவன் பெயர் போட்டிருந்தது. படுபாவி, கூட வேலை செய்தவன் செத்துக்கொண்டிருக்கிறான், உனக்குப் படம் கேட்குதா என்று அந்தப் பெயரைப் பார்த்துத் திட்டினேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போனதும் பத்திரிகையை என் வீட்டுக்காரர் முன்னால் போட்டேன். "மூஞ்சியில குண்டு பட்டுச்சுன்னு உங்களுக்கு எவன் சொன்னான்?"

அவர் பார்த்தார். "ஆரும் சொல்லல" என்றார். "தொறக்காதீங்கன்னு எழுதியிருந்தா என்னன்னு நெனைக்கறது? அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அத்தனை பேரு நிக்கறாங்க, கோயில்காரன் வாட்ச்சைப் பாக்கறான், நீ கடப்பாரைங்கற, உங்கம்மா கையை எடுக்க மாட்டீங்கறாங்க. எதாச்சும் சொல்லித்தான ஆகோணும்?"

"அதுக்கு இதையா சொல்லுவீங்க?"

"தொறந்திருந்தா மட்டும்? அத்தனை நாள் ஆன உடம்பு. இந்தப் படத்துல இருக்கற மாதிரியேவா இருந்திருக்கும்?"

இருந்திருக்காதோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விடாமல்தான் மண்ணைப் போட்டு மூடியாகிவிட்டதே. ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் அவர் சொன்னார். "இதைக் காட்டுனீன்னா உங்கம்மாவை நீயே கொன்னுபோட்ட மாதிரி." அம்மா தாங்குவாளா என்ற பயம் எனக்கும் இருந்தது. பத்திரிகையை பூத்தில் பில் பேப்பர் உருளைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பாய் படத்துக்காக இரண்டு தடவை போன் செய்தார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அம்மா தினமும் கேட்பாள். வேறு எங்காவது படம் கிடைத்ததா? டில்லியில் கேட்டாயா? கூடப் படித்தவர்களிடம் கேட்டாயா? இல்லம்மா, இல்லம்மா என்று சொல்லிவிட்டு பூத்துக்கு வந்தால், படம் என் காலடியில் கிடக்கும். வேலையே ஓடாது. வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தேன். வீட்டுக்காரரோடு சரியாகப் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

தை பிறந்த சமயம், தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அம்மா திடீரென்று என் காதருகே வந்து கேட்டாள். "ஏன் அம்மணி, அவனுக்குப் புருவத்துக்கிட்ட மச்சம் இருந்துச்சல்ல, அது எந்தப் பக்கம்?"

பெற்றவள் என்னைக் கேட்கிறாள். எனக்கும் சட்டென்று வரவில்லை. பூத்துக்கு ஓடினேன். உருளைகளைத் தள்ளிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். இடது பக்கம். வெளியே ஒருத்தர் கதவைத் தட்டி, "ஏனுங்க, பம்பாய்க்குப் பேசோணுங்க" என்றார். "பூத்து இல்லீங்க, போங்க!" என்று கத்தினேன். பெற்ற பிள்ளையின் மச்சத்தை அவளுக்குத் தெரியாமல் நான் ஒளித்துவைத்துப் பார்க்கிறேன். இதற்குமேல் என்னால் ஆகாது என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அம்மா வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. தறி அன்றைக்கு ஓடாது. என் வீட்டுக்காரர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். குழம்புச் சோறு பாதி முடிந்திருந்தது. அம்மா பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அவரைப் பார்க்காமலே சொன்னேன். "அம்மா, தம்பி படம் ஒண்ணு இருக்குது. கடைசியா எடுத்தது. பாக்கற தைரியம் இருந்தாப் பாரு."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து பத்திரிகையை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொள்ளத் தயாராகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்துவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், மயங்கி விழுவாள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். அவள் பார்த்தாள். விரலால் புருவத்தைத் தொட்டாள், மச்சத்தைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள். சட்டையில் இருந்த கறுப்பை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"இது ஆரு எடுத்தது?" என்றாள்.

எனக்கு அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "கூட வேலை செஞ்சவன்மா. இவன் செத்துட்டு இருக்கறான், அந்தப் பாவி நின்னு படம் எடுத்திருக்கறான். அவனுக்கெல்லாம் கை வெளங்குமா? தூக்கத் தோணுச்சா? ஒருவாய்த் தண்ணி குடுக்கத் தோணுச்சா?"

"கத்தாத" என்றாள் அம்மா. "எவ்வளவு கிட்ட இருந்து எடுத்திருக்கறான், பாரு. அப்ப பக்கத்துலயே ஆள் இருந்திருக்குது. தனியாக் கெடக்கல எம்பையன்."

இத்தனை மாதமாக அந்த முகம் தெரியாதவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அவனுக்கு நன்றி சொல்லிவிடுவாள் போலிருந்தது. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அப்பாடா, தாங்கிவிட்டாள் என்று நான் மூச்சு விட்டேன். என் வீட்டுக்காரரும் விட்டிருப்பார். மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

அப்போது அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மருமகனிடம் நேருக்கு நேர் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை, எதுவானாலும் என் வழியாகத்தான் சொல்வாள். அன்றைக்கு நேராகவே கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, ஒரு மரியாதைகூடக் குறையவில்லை.

"மாப்பளைங்க, எம்பையன் மொகத்துக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். அம்மா காத்திருந்தாள். அப்புறம் பத்திரிகையை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, தரையில் கையூன்றி எழுந்தாள். கரண்டியை எடுத்தாள்.

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள்.